பழைய காரின் விலை 300 டாலர்

கிழண்டிப்போன கார்களை ஒப்படைத்துப் புதுக் கார் வாங்குங்கள் என்று அரசாங்கங்கள் பணத்தை அள்ளிக் கொடுத்த ஒரு காலம் இருந்தது. அதில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதி வாடகைக் குடித்தனக்காரருக்கு வந்து சேர்ந்தது என்ன?

2010ஆம் ஆண்டின் மாசி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், பார்க்டேலின் ஜேம்சன் அவென்யூ நெடுமாடிக் குடியிருப்பொன்றின் பின்புறத் தரிப்பிடத்தில், 1991ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்று கடைசி முறையாக ஸ்டார்ட் செய்யப்பட்டது. இருமி இருமி இயந்திரம் பற்றிக்கொண்டதும், கொண்டுபோக வந்த இழுவை வண்டிக்காரர் காகிதத்தில் ஓர் அடையாளம் இட்டார். ஓடுகிற கார்தான் என்பது நிரூபணமாகிவிட்டது. அயல் நகரமான மிஸிஸாகாவில் இரவு வேலை முடித்து வந்து இன்னும் உறங்காத அதன் சொந்தக்காரர், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சிறு பிள்ளையாரைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தார். குளிரில் பசை கல்லாக இறுகியிருந்தது.

"அண்ணை, நல்லா ஓடுற காரை ஏன் குடுக்கிறியள்?" என்றான் பக்கத்து வீட்டு இளைஞன்.

"கீழ முழுக்கக் கறள், தம்பி. திருத்தப் போனா காரின்ர விலையை விடக் கூட வருமெண்டு கராச்சில சொல்லிப்போட்டாங்கள். இவங்கள் முந்நூறு தாறாங்களாம்."

"முந்நூறோட புதுசு வாங்கலாமோ?"

பிள்ளையார் பெயர்ந்து வந்தார். அவரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் சாவியை நீட்டினார் அந்த மனிதர்.

இளைஞன் அதை விளையாட்டாகவே கேட்டிருக்கலாம். ஆயினும், உலகத்தின் செல்வ நாடுகள் பலவும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஏககாலத்தில் நடத்திப் பார்த்த ஒரு பெரும் பரீட்சையின் உயிர்நிலையை அந்தக் கேள்வி தொட்டுவிட்டது. பழைய வாகனத்தை ஒப்படைப்பவனுக்கு அரசாங்கம் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கிறதென்றால், அது காற்றைச் சுத்தப்படுத்துவதற்கா, கார்த் தொழிற்சாலைகளின் கதவு மூடாமல் காப்பதற்கா, அல்லது அந்த மனிதன் மறுநாள் வேலைக்குப் போய்ச் சேர்வதற்கா? இம்மூன்று உத்தேசங்களையும் ஒரே திட்டத்துக்குள் திணித்த தேசங்களில், மூன்றாவதாக நின்றவனையே எல்லோரும் மறந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முந்நூறு வந்த வழி

கனடாவின் மத்திய அரசாங்கம் அந்த முந்நூறு டாலர் திட்டத்தை 2009 ஜனவரி 30ஆம் தேதி, ஜிம் பிரென்டிஸ் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது தொடங்கி, 2011 மார்ச் 31ஆம் தேதி முடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'ரிட்டயர் யுவர் ரைடு' என்று பெயர். ஒதுக்கப்பட்ட பணம் 9 கோடியே 20 லட்சம் டாலர். 1995 அல்லது அதற்கு முந்திய ஆண்டுக் காராக இருக்கவேண்டும். ஓடும் நிலையில் இருக்கவேண்டும். பதிவும் இன்சூரன்ஸும் தொடர்ந்து நடப்பில் இருந்திருக்கவேண்டும். இவை பூர்த்தியானால் 300 டாலர் ரொக்கம் பெறலாம். அதற்குப் பதிலாகப் பொதுப் போக்குவரத்துச் சீட்டோ, சைக்கிள் வாங்க உதவியோ, கார்ப் பகிர்வுச் சங்கத்தில் அங்கத்துவமோ, 2004 அல்லது அதற்குப் பிந்திய ஆண்டுக் கார் வாங்கத் தள்ளுபடியோ கேட்டுப் பெறலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இந்த வழியாகத் தெருவை விட்டு நீங்கின.

1995 என்ற எல்லை மனம்போனபடி கீறிய கோடன்று. 1995 அல்லது அதற்கு முந்திய கார் ஒன்று, 2004 அல்லது அதற்குப் பிந்திய காரைக் காட்டிலும் 19 மடங்கு அதிகமாகப் புகைப்பனியை உண்டாக்கும் மாசுகளை வெளியிடுகிறது என்பது சுற்றுச்சூழல் அமைச்சின் கணக்கு. 1996ஆம் ஆண்டிலிருந்து வந்த கார்களில், புகைக் கட்டுப்பாடு பழுதானால் தானாகவே எச்சரிக்கை விளக்கு எரியும் கணினி அமைப்பு பொதுவாயிற்று. அதற்கு முந்தியவை பலவற்றில் புகை கூடினாலும் ஓட்டுகிறவனுக்கே தெரியாமற் போகலாம்.

ஒப்படைத்த கார் போகும் இடத்தையும் பார்க்கவேண்டும். கழிவு முற்றத்தில் முதற் காரியம் நசுக்குவதன்று, வடிப்பது. பெட்ரோல், எண்ணெய், பிரேக் திரவம், குளிரூட்டும் வாயு ஆகியவற்றை வடித்தெடுத்து, பற்றரியையும் டயர்களையும் கழற்றியபின், பொனட் மூடியைத் தூக்கினால் எரியும் சின்ன விளக்கின் சுவிட்சைத் தேடிப் பிடுங்குவார்கள்; அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அந்தச் சுவிட்சுக்குள் ஒரு துளி பாதரசம் இருந்தது. அதைப் பிடுங்காமல் இரும்பை உலையில் இட்டால் பாதரசம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய், மழையோடு ஏரிக்கு இறங்கி, மீனுக்குள் புகுந்துவிடும். இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட முற்றங்களுக்கே திட்டத்தின் கார்கள் அனுப்பப்பட்டன. நாடு முழுவதிலும் கழிவு முற்றங்களுக்கு ஒரு பொது ஒழுக்க விதி ஏற்பட்டதும் இக்காலத்திலேதான். இதனைத் திட்டத்தின் நிலையான நன்மை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பெட்டிச் செய்தி: 2009இல் யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

ஜெர்மனி: 9 ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு 2,500 யூரோ. மொத்தம் 500 கோடி யூரோ. ஏறக்குறைய 20 லட்சம் கார்கள்.

அமெரிக்கா: காருக்கு 3,500 அல்லது 4,500 டாலர். மொத்தம் 300 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆகஸ்ட் 24இல் முடிந்தது. 6,70,000க்கு மேற்பட்ட கார்கள்.

பிரிட்டன்: 10 ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு 2,000 பவுண்டு, பாதி அரசாங்கம், பாதி கார் நிறுவனம். மொத்தம் 40 கோடி பவுண்டு அரசுப் பணம். 2010 மார்ச்சில் முடிந்தது.

கனடா: 300 டாலர் ரொக்கம், அல்லது மேலே சொன்ன மாற்று உதவிகள்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு

மற்ற தேசங்களின் தொகைகளைப் பார்த்தால் அவற்றின் நோக்கமும் விளங்கிவிடும். அவை பெரும்பாலும் புதுக் கார் வாங்குகிறவனுக்கே கொடுத்தன. பெரிய காருக்கு 2,000 பவுண்டு ஓர் அலங்காரம். மிகச் சிறிய காருக்கோ அது விலையில் கால்பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே சிறிய கார்கள் பறந்தன. அவற்றுள் ஹூண்டாய் ஐ-10 பிரதானமானது. லண்டன் ஈஸ்ட் ஹாமிலும், ஜெர்மனியின் ஹாம் நகரத்திலும் வாழ்ந்த தமிழர் அந்த நாட்களில் வாங்கிய ஐ-10, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவாகி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தது. மேற்கே ஒரு அரசாங்கம் தன் தொழிலாளரின் வேலையைக் காக்க ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இரவுப் பணியில் நின்ற தொழிலாளியின் கூலியாயிற்று. இதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷமே. ஆனால் உள்நாட்டு வேலையைக் காப்போம் என்று சொல்லித் திட்டத்தை விற்றவர்களின் வாக்கு, அந்த அளவுக்குப் பொய்த்தது என்பதும் வாஸ்தவம்.

அமெரிக்காவின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. அங்கே ஒப்படைக்கப்பட்ட காரின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி இயந்திரத்தை ஓடவிட்டார்கள். சில நிமிஷங்களில் அது கண்ணாடிபோல் இறுகி இயந்திரத்தை என்றென்றைக்கும் பூட்டிவிட்டது. இந்தத் திட்டத்தைப் பின்னர் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் அதிஃப் மியானும் அமீர் சுஃபியும் கண்ட முடிவு, திட்டம் நடந்த இரண்டு மாதங்களில் கூடுதலாக விற்ற கார்கள் அநேகமாக எல்லாமே அடுத்த சில மாதங்களில் எப்படியும் விற்றிருக்கக்கூடியவை என்பதாகும். நாளை வாங்க இருந்தவன் இன்று வாங்கினான். நாளையும் வாங்க வகையற்றவனுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

ஜேம்சன் அவென்யூவின் கணக்கு

இப்போது பார்க்டேலுக்குத் திரும்புவோம்.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவில் வந்திறங்கிய ஈழத்தமிழர் பலருக்கு முதல் முகவரியாக அமைந்த இடங்களில் இது ஒன்று. பின்னர் அவர்கள் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் பெயர்ந்துபோக, திபெத்தியர் உள்ளிட்ட வேறு பல சமூகத்தினர் வந்தனர்; ஆனால் அடுக்குமாடிகளின் வாழ்க்கைமுறை பெரிதும் மாறவில்லை. குவீன் வீதியில் 501ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார், கிங் வீதியில் 504; நகரத்தின் நடுவே வேலை செய்பவருக்கு இவை போதும். தொழிற்சாலைகளும் களஞ்சியங்களுமோ மிஸிஸாகாவுக்கும் பிராம்ப்டனுக்கும் போய்விட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு வேலை முடிகிறவருக்கு, நகர எல்லையைத் தாண்டி வீடு வந்து சேரப் பழைய காரைத் தவிர வேறு கதி இல்லை.

ஆகவே, காருக்குப் பதிலாகப் பஸ் சீட்டு என்ற கனடாத் திட்டத்தின் மிக நல்ல யோசனை, மிகத் தேவையானவனின் கையில் பிரயோஜனமற்றுப் போயிற்று. 2009இல் ரொறன்ரோப் போக்குவரத்துச் சபையின் (ரி.ரி.சி.) மாதச் சீட்டின் விலை 109 டாலர். அடுத்த ஆண்டு அது 121 ஆயிற்று. 300 டாலர் என்பது மூன்று மாதச் சீட்டுக்கும் போதாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மிஸிஸாகா எல்லையை அடைந்தவர், அங்கே மறுபடியும் ஒரு கட்டணம் கொடுக்கவேண்டியிருந்தது. ஒரே கட்டணத்தில் ரி.ரி.சி.யிலிருந்து அயல் நகரத்துப் பஸ்ஸுக்கு மாறலாம் என்ற சௌகரியம் ஏற்பட்டது 2024 பெப்ரவரி 26ஆம் தேதிதான். திட்டம் முடிந்து ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின்! பழைய கார்களை ஒழிக்கும் ஏற்பாடும் பஸ்களை இணைக்கும் ஏற்பாடும் ஒரே காலத்தில் கைகோத்து நடந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் காரின் பாரத்திலிருந்தே விடுதலை பெற்றிருக்கும் என்று எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

புதுக் கார் என்ற வழியோ இன்னும் தொலைவில் இருந்தது. ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் பழைய காரை ஒப்படைப்பவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் தள்ளுபடியைத் தாமே அறிவித்தன. விளம்பரங்கள் ஆசை காட்டின. ஆனால் கடனுக்கு எடுக்கும் புதுக் காருக்கு, கடன் கொடுப்பவர் முழு இன்சூரன்ஸ் கேட்பார். பழைய காருக்குச் சட்டம் கட்டாயமாக்கிய பகுதியை மாத்திரம் வாங்கிச் சமாளித்தவருக்கு, ஒன்ராறியோவின் இன்சூரன்ஸ் விலையில், அந்த ஒரு மாற்றமே தள்ளுபடியைச் சில வருஷங்களில் விழுங்கிவிடும். விற்பனைக்காரரின் மேசையில் மாதத் தவணையை மாத்திரம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதல் இன்சூரன்ஸ் கடிதம் வந்தபின் திகைத்தவர்கள் நம்மவருள் அநேகர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1958இல் ஹம்பர் ஆற்றிலிருந்து ஜேம்சன் அவென்யூ வரை கார்டினர் நெடுஞ்சாலையின் முதற் பகுதி திறக்கப்பட்டபோது, பார்க்டேல் தன் ஏரிக்கரையை இழந்தது. நெடுஞ்சாலைக்கு வழிவிட வீடுகள் இடிந்தன, சன்னிசைட் பூங்காவின் கேளிக்கைகள் மறைந்தன, எஞ்சியவர்களுக்கு நெடுஞ்சாலையின் இரைச்சலும் புகையும் மிஞ்சின. அந்தப் புகையைச் சுவாசிப்பவர் புறநகர்த் தனிவீட்டுக்காரர் அல்லர். ஜேம்சன் அவென்யூ நாலாம் மாடியில் சன்னலைத் திறந்துவைக்கும் குடித்தனக்காரர். 2005ஆம் ஆண்டில் ஒன்ராறியோவில் 53 நாட்கள் புகைப்பனி எச்சரிக்கை நாட்களாக இருந்தன. பின்னர் காற்று தெளிந்ததற்கு, 2014க்குள் நிலக்கரி மின்நிலையங்களை மூடியதே பெருங்காரணம். ஆயினும் தெருமட்டத்துப் புகை கார்களிலிருந்துதான் வருகிறது. பழைய கார் ஒழிந்ததில் இந்த மாடிகளின் குழந்தைகளுக்கு லாபம் உண்டு. ஆகையால் திட்டத்தையே பழிப்பவருடன் நான் சேரமாட்டேன். காற்றின் நன்மைக்காக ஏழை கொடுத்த விலைக்கு ஈடு கிடைக்கவில்லை என்பதே என் வழக்கு. அதே 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர் ஆகிய இரண்டையும் காப்பாற்ற மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் சேர்ந்து வழங்கியது ஏறக்குறைய 1,370 கோடி டாலர். ஒன்பது கோடியையும் ஆயிரத்து முந்நூற்றெழுபது கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னுமொன்று. ஓடுகிற காரைக் கொல்வது நம்மவர் மனத்துக்கு எளிதன்று. யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடைப்பட்டபோது ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளின் கைத்திறனைக் கண்டு வளர்ந்த தலைமுறை அது. அந்த மனப்பான்மையைப் பழமைவாதம் என்று தள்ளுவது தவறு. ஒரு புதுக் காரின் இரும்பையும் ரப்பரையும் உண்டாக்குவதிலும் புகை உண்டு. சொற்பமாக ஓடும் பழைய காரைக் கழித்து, அதிகமாக ஓடும் புதுக் காரை இறக்குவது எப்போதுமே காற்றுக்கு நல்லதென்று சொல்லிவிட முடியாது.

மலிவான புதுக் கார் எங்கே போயிற்று?

2014இல் நிஸான் நிறுவனம் மைக்ராவைக் கனடாவுக்குக் கொண்டுவந்தபோது அறிவித்த ஆரம்ப விலை 9,998 டாலர். குளிர்சாதனம் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர் இல்லை. ஆனாலும் பத்தாயிரத்துக்குள் ஒரு புதுக் கார் என்ற சொல்லுக்கு ஓர் உருவம் இருந்தது. 2019இல் அது நிறுத்தப்பட்டது. கனடியர் பெரிய, உயரமான கார்களுக்கு மாறினர். சிறிய காரில் லாபம் குறைவென்று நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. இன்று புதுக் காரின் தவணையை 84 மாதங்களுக்கு நீட்டினால்தான் சம்பளக்காரருக்குக் கட்டும். ஏழாம் வருஷம் வரை கடன் நிற்க, காரின் மதிப்போ முதல் வருஷங்களிலேயே கடனுக்குக் கீழே போய்விடக்கூடும்.

பழைய கார் அதிகம் கழிக்கப்பட்டால் பழைய காரின் விலையும் ஏறும். புதிதாக வந்து சேர்ந்தவரின் முதற் கார் பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் டாலருக்கு வாங்கியதாக இருந்தது ஒரு காலம். அந்தப் படி உடைந்தால் அவர் ஏறுவதற்கு அடுத்த படி வெகு உயரத்தில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: காரை ஒப்படைக்குமுன், புதிது வாங்குமுன்

ஒன்ராறியோவில் எண்தகடு காருக்குரியதன்று, உங்களுக்குரியது. காரைக் கொடுக்குமுன் கழற்றிக்கொள்ளுங்கள்.

உரிமைப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, பெற்றவரின் ரசீதை வாங்கிவைத்தபின்னரே இன்சூரன்ஸை நிறுத்துங்கள்.

2010 முதல் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற வியாபாரி விளம்பரம் செய்யும் விலை, வரியும் உரிமக் கட்டணமும் நீங்கலாக, எல்லாக் கட்டணங்களும் அடங்கியதாக இருக்கவேண்டும். மேசையில் வைத்துப் புதுக் கட்டணம் கூறினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வியாபாரியிடம் கார் வாங்கக் கையொப்பமிட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்டம் அவகாசம் தரவில்லை. இன்சூரன்ஸ் விலையைக் கேட்டறிந்தபின் கையொப்பமிடுங்கள்.

இந்தியாவில் அதே கேள்வி

இந்தியா 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதி தன் வாகனக் கழிப்புக் கொள்கையைத் தொடங்கியது. பதிவுபெற்ற கழிப்பு நிலையத்தில் காரை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றால், புதிய சொந்த வாகனத்தின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மாநிலங்களுக்கு வழிகாட்டப்பட்டது. நிறுவனங்களும் விலையில் 5 சதவீதம் குறைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டன. மறுபுறம், 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. அங்கும் சலுகை முழுவதும் புதுக் கார் வாங்குபவனுக்கே. கட்டண உயர்வு பழைய காரை விட முடியாதவனுக்கு. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து, பாகம் பாகமாக மறுவாழ்வு கொடுத்துப் பிழைக்கும் தொழிலாளரின் அனுபவம் இந்தப் புதிய நிலையங்களுக்குள் இடம்பெறுமா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி.

இனி ஒரு திட்டம் வருமானால்

கலிஃபோர்னியா மாநிலம் 2015 முதல் வேறு மார்க்கத்தில் நடக்கிறது. அங்கே பழைய காரை ஒப்படைப்பவரின் வருமானம் எவ்வளவு குறைவோ உதவித்தொகை அவ்வளவு அதிகம்; சுத்தமான பழைய காரை வாங்கவும் அதைப் பயன்படுத்தலாம்; கார் வேண்டாமென்றால் பஸ்ஸுக்கும் மின்சார சைக்கிளுக்கும் அதே நிதியிலிருந்து பெரிய தொகை உண்டு. கனடா 2009இல் சிந்தித்ததும் ஏறக்குறைய இதே யோசனைதான். கையை மாத்திரம் இறுக்கி மூடிக்கொண்டது.

உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஜேம்சன் அவென்யூவின் வாயிற்கதவு மணியை அழுத்தும்போது, புதுக் கார் வாங்குபவனுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். இரவு வேலைக்காரன் ஒருவன் தன் பழைய காரை ஒப்படைத்த மறுநாள் மிஸிஸாகாவுக்கு எப்படிப் போவான் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கதவைச் சாத்தாதீர்கள்.